60-ஆ, 140-ஆ?

கேள்வி: மகள் கோவையில் எம்.எஸ்சி. படிக்கிறாள். மஞ்சளில் இருக்கும் குர்குமினை நானோ துகளாக்குவதுதான் புராஜெக்டுங்க. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் 60 நானோமீட்டர் என்று வருகிறது, அதே மாதிரியை டி.எல்.எஸ். என்ற லேசர் கருவியில் வைத்தால் 140 என்கிறது. கைடு திட்டிவிட்டார், பிள்ளை சரியாகச் சாப்பிடுவதே இல்லை. எந்த அளவுங்க சரி?
- ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம், முதலில் அம்மணியைச் சாப்பிடச் சொல்லுங்க. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பொதுவாக மாதிரியைக் காயவைத்து, வெற்றிடத்துக்குள் வைத்துத்தான் பார்க்கிறார்கள், அதனால் துகளின் உடம்பு மட்டும் தெரியும். டி.எல்.எஸ். துகளைப் படம் பிடிப்பதே இல்லை. திரவத்தில் அது எவ்வளவு வேகமாக அலைகிறது என்பதை லேசர் ஒளி சிதறுவதை வைத்துக் கண்டுபிடித்து அதிலிருந்து அளவைக் கணக்குப் போடுகிறது, மேலே பூசிய பாலிமரும் ஒட்டிக்கொண்டு நகரும் நீரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். அப்புறம் இன்னொன்று. 10 நானோமீட்டர் துகள்கள் பத்து லட்சம் சேர்ந்து சிதறடிக்கும் ஒளியை 100 நானோமீட்டர் துகள் ஒன்றே சிதறடித்துவிடும். அங்கங்கே கொஞ்சம் கட்டி பிடித்திருந்தாலே சராசரி எகிறிவிடும். மைக்ராஸ்கோப்பிலும் குறை இருக்கிறது: ஈரோட்டு மண்டியில் ஒரு கை மஞ்சளைப் பார்த்து மொத்த மூட்டைக்கும் விலை சொல்வது மாதிரி, சில நூறு துகளைப் பார்த்துவிட்டுக் கோடிக்கணக்கான துகளுக்கும் சேர்த்துப் பேசுகிறோம்.

ஆகவே இரண்டு எண்ணையும் எழுதட்டும், எந்தக் கருவி, எந்தத் திரவம், எந்த வெப்பநிலை, எவ்வளவு நீர்த்தது என்பதோடு. இவையில்லாமல் வெறும் '60' என்று போட்டால் அதை வைத்து யாரும் எதையும் ஒப்பிட முடியாது. முடிந்தால் இரத்தச் சீரத்தில் (இரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரில்) கலந்தும் ஒரு தடவை அளக்கட்டும், இரத்தத்துக்குள் போன உடனே புரதங்கள் துகள் மேல் படிந்துவிடும், உடம்பு சந்திப்பது அந்தப் புரதப் போர்வையோடு இருக்கும் துகளைத்தான்.

குர்குமினுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, இதைக் கட்டாயம் மகளிடம் சொல்லுங்க. ஊசி வழியாகப் போகும் மருந்தில் எண்டோடாக்சின் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். அது சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலிருந்து வரும் நச்சு, லேப் தண்ணீரிலிருந்தும் குடுவையிலிருந்தும் சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும், காய்ச்சலைக் கிளப்பும், மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. குதிரைலாட நண்டின் இரத்த அணுக்களிலிருந்து எடுக்கும் எல்.ஏ.எல். என்ற சோதனையில்தான் பெரும்பாலும் இதைப் பார்ப்பார்கள். அதில் ஒரு வகை, மஞ்சள் நிறம் எவ்வளவு உண்டாகிறது என்பதை 405 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளக்கும். குர்குமினே மஞ்சள், 425-க்குப் பக்கத்தில் ஒளியை நன்றாக உறிஞ்சுவது. எது நச்சின் மஞ்சள், எது நம்ம மஞ்சள் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? துகள் மட்டும் போட்டு ஒரு அளவு, தெரிந்த அளவு எண்டோடாக்சினைத் துகளோடு கலந்து இன்னொரு அளவு, போட்டது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்த முடிவை நம்பலாம்.

கேள்வி: ஒரு நானோ மருந்துக்கு ஏற்கெனவே அனுமதி இருக்கும்போது, அதே மருந்தை இன்னொரு கம்பெனி செய்ய ஏன் இத்தனை சோதனை?
- வாசகர், திருப்பூர்

பதில்: மாத்திரை என்றால் மூலக்கூறு ஒன்றுதான் என்று காட்டுவதில் பாதி வேலை முடிந்துவிடும். இங்கே மூலக்கூறு ஒன்றாக இருந்தும், துகளின் அளவு, மேற்பூச்சு, உள்ளே மருந்து எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் மாறினால் உடம்பில் அது போகும் இடமே மாறிவிடும். டாக்ஸில் என்ற புற்றுநோய் மருந்து, கொழுப்பு உறைக்குள் அடைத்த டாக்சோருபிசின், 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு அங்கே முதல் ஜெனரிக் அனுமதி கிடைத்தது 2013-ல், வாங்கியது நம் சன் பார்மா குழுமம். இந்தியாவிலும் நானோ மருந்துகளை மதிப்பிட 2019-ல் வழிகாட்டு நெறிமுறைகள் வந்துவிட்டன, தயாரிப்பில் இறங்கும் எண்ணம் இருந்தால் முதலில் அதைப் படியுங்க.