“ஆண்டவரே சுயாதீனம் தந்தாரே, அப்பா ஏன் தடுக்கிறார்?”

கேள்வி: நாங்கள் குமரி மாவட்டத்தில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்த குடும்பம். மகன் பிளஸ் டூ படிக்கிறான், திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) எடுத்துவிட்டான். மகள் ஒன்பதாம் வகுப்பு. போன மாதம் கன்வென்ஷனில் செய்தி கொடுத்தவர், “உங்கள் வீட்டுக்குள் பிசாசு நுழைகிற வாசல் போன்தான்” என்று பேசினார். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் நெட்ஃபிளிக்ஸை நிறுத்தினார். பிள்ளைகள் இருவரையும் இன்ஸ்டாகிராமை அழிக்கச் சொன்னார். இனி கிறிஸ்தவ சேனல்கள் மட்டும்தானாம். மகன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “ஆண்டவரே மனுஷனுக்குச் சுயாதீனம் கொடுத்திருக்கும்போது அப்பா ஏன் எனக்காகத் தீர்மானிக்கிறார்?” அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இதில் இன்னொரு சங்கடம், கணவரே ராத்திரி பன்னிரண்டு மணி வரை யூடியூபில் பிரசங்க ஷார்ட்ஸ் பார்க்கிறார். நான் யார் பக்கம் நிற்பது?

பதில்: யார் பக்கமும் நிற்க வேண்டாம், சகோதரி. ஒரே வசனத்தின் முதல் பாதியை மகன் பிடித்துக்கொண்டிருக்கிறான், மறுபாதியை அப்பா பிடித்துக்கொண்டிருக்கிறார். “எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்” என்று கொரிந்து நகரத்துச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதினார் (1 கொரிந்தியர் 6:12). முதல் பாதி கொரிந்தியர்களின் வாயில் சுற்றிவந்த பேச்சு, அதையே எடுத்து ஓர் ‘ஆகிலும்’ போட்டு அவர்களிடம் திருப்பிக் கொடுக்கிறார் பவுல் என்பது வேத அறிஞர்கள் பலருடைய கருத்து. உங்கள் மகன் வாயாடவில்லை. சபை தொடங்கிய காலத்துக் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான், அதற்கு மரியாதையான பதில் கிடைக்க வேண்டும்.

கொரிந்தில் நடந்த தகராறுகளில் ஒன்று இறைச்சியைப் பற்றியது. சந்தையில் விற்ற இறைச்சியில் ஒரு பங்கு அந்த ஊர்க் கோயில்களில் பலியிட்டது. ‘விக்கிரகம் வெறும் பொருள்தானே, சாப்பிட்டால் என்ன’ என்று சிலர் சொன்னார்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்த சிலருக்கோ அதைத் தொட்டாலே மனம் உறுத்தியது. பவுல் சொன்ன தீர்வை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கடையில் விற்பதை ஒன்றும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம். அவிசுவாசி ஒருவன் விருந்துக்குக் கூப்பிட்டால் போய், வைத்ததைச் சாப்பிடலாம். ‘இது படைக்கப்பட்டது’ என்று பக்கத்தில் இருப்பவன் சொன்னால், அவனுடைய மனச்சாட்சிக்காக விட்டுவிட வேண்டும். கோயில் பந்தியில் போய்ப் பங்கெடுப்பதில் மட்டும் அவர் கறாராக இருந்தார், அது கூடவே கூடாது. கறாரான இடம் ஒன்று, மனச்சாட்சிக்கு விட்ட இடம் பெரிது. நம் வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

தடைப் பட்டியல் போட்டே பார்த்தவர்களும் உண்டு. ரோமன் கத்தோலிக்க சபை 1559 முதல் விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. 1966இல், இனி அதற்குச் சட்ட வலிமை கிடையாது, ஒவ்வொருவர் மனச்சாட்சிக்குமான எச்சரிக்கையாக அது இருந்தால் போதும் என்று விட்டுவிட்டது. அதற்கு முன்பே 1963 டிசம்பரில், அந்தச் சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஊடகங்களைப் பற்றி ஓர் ஆணை வெளியிட்டிருந்தது. வாசிப்பவரும் பார்ப்பவரும் கேட்பவரும் தாங்களாகவே தேர்ந்துகொள்கிறார்கள், ஆகவே அவர்களுக்கும் கடமை இருக்கிறது, குறிப்பாக இளையவர்கள் மிதமாக இருக்கவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் பழக வேண்டும் என்றது அது. ‘அது கத்தோலிக்கர் சமாச்சாரம், நமக்கென்ன’ என்று உங்கள் கணவர் கேட்கலாம். நானூறு வருஷம் பட்டியல் வைத்திருந்தவர்கள் எதைக் கண்டு அதைக் கைவிட்டார்கள் என்று யோசிப்பது நமக்கும் நல்லதுதான். இத்தனைக்கும் அது புத்தகம் மெதுவாக வந்த காலம்.

‘பிசாசின் வாசல்’ பேச்சுக்கு ஒரு வார்த்தை. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான நூல் ஒரு சின்ன கிறிஸ்தவ ஜெபப் புத்தகம். 1715இல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. சீஷெல்ஸ் தீவிலிருந்து சிற்றலையில் வந்த ஃபெபா என்ற கிறிஸ்தவ வானொலியில் செய்தி கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம் சபைகளில் இருக்கிறது. ஊடகத்தைக் கண்டு பயந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. ஆனால் ஒன்று: அந்த வானொலி நிகழ்ச்சி குறித்த நேரத்தில் தொடங்கி, குறித்த நேரத்தில் முடியும். முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து போவார்கள்.

இப்போதைய சிக்கல் அங்கேதான் இருக்கிறது, முடிவே வருவதில்லை. முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் வாசித்து முடித்தால் கீழே ‘அடுத்த பக்கம்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துவதா, எழுந்து போவதா என்று ஒரு கணமாவது யோசிக்க வேண்டியிருந்தது. 2006இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்தப் பொத்தானே தேவைப்படாத முறையைக் கொண்டுவந்தார். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். இப்படிச் செய்துவிட்டோமே என்று பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார். இன்றைய ரீல்ஸும் ஷார்ட்ஸும் அந்த வழியில்தான் ஓடுகின்றன. நீங்கள் எந்த வீடியோவில் எத்தனை நொடி நின்றீர்கள் என்பதை வைத்து அடுத்தது தானாக வருகிறது. நீங்கள் தேர்ந்ததாகத் தோன்றும், ஆனால் பெரும்பாலும் நீங்கள் செய்தது அங்கேயே இருந்தது மட்டும்தான். பவுல் சொன்ன அடிமைத்தனம் இந்தத் தலைமுறையில் எப்படி இருக்கும் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். எதைப் பார்க்கிறோம் என்பது அப்புறம். யார் தேர்ந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்டால் உங்கள் கணவரின் ஷார்ட்ஸும் கணக்கில் வந்துவிடும். அவர் போனில் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும், ஆலோசனைக்கு வருகிற வீடுகளில் பார்க்கிறேனே. “மகனே, இதைத் தள்ளிவிட்டுப் போகாதே, ஆண்டவர் இன்று உன்னோடு பேசுகிறார்” என்று பெரிய மஞ்சள் எழுத்து, பின்னால் மின்னல் வெட்டும் வானம், நாற்பது நொடி அழுத்தமான குரல், முடிவில் காணிக்கைக்கு ஒரு கியூஆர் கோடு. அது முடியும் முன்னே அடுத்த தீர்க்கதரிசி வந்துவிடுவார். ஆண்டவர் பேசுவதைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தை வைத்து விரலைப் பிடித்து நிறுத்துகிற வித்தை அது. மகனுடைய ரீல்ஸ் ஆசையை வைத்துப் பிடிக்கிறது, இது பயத்தை வைத்துப் பிடிக்கிறது. ஓடுகிற இயந்திரம் ஒன்றேதான். பிரசங்கம் கேட்பதில் குறை சொல்லவில்லை. ஒரு முழுச் செய்தியைத் தேடி எடுத்து, உட்கார்ந்து கேட்டு, வேதத்தைத் திறந்து சரிபார்த்தால் அது தேர்ந்து கேட்டது. நள்ளிரவில் கண் எரிய எரிய முப்பதாவது துண்டைப் பார்ப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ‘கிறிஸ்தவ சேனல் மட்டும்’ என்ற விதி இதனால்தான் எதையும் தீர்க்காது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் கணவரோடு தனியாகப் பேசுங்கள். பிள்ளைகள் முன்னால் வேண்டாம், அவருடைய ஷார்ட்ஸைக் குத்திக்காட்டியும் தொடங்க வேண்டாம். அவருடைய பயம் நியாயமானது என்று முதலில் சொல்லிவிட்டு, மகன் எடுத்த திடப்படுத்தலை நினைவுபடுத்துங்கள். ஞானஸ்நானத்தின்போது பெற்றோரும் ஞானப் பெற்றோரும் அவனுக்காகக் கொடுத்த வாக்கை, சபையின் முன் நின்று தன் வாயால் தானே ஏற்றுக்கொண்டான். தன் விசுவாசத்துக்குத் தானே பதில் சொல்ல முடியும் என்று பேராயர் கைவைத்து ஏற்ற பையன், ஒரு ஆப்பைப் பற்றித் தீர்மானிக்க முடியாதவன் என்று வீட்டில் சொன்னால் அவனுக்குக் குழப்பம் வராதா?

அடுத்து, தானியேல் முதல் அதிகாரத்தைக் குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன தானியேலும் அவன் நண்பர்களும் அந்த நாட்டின் எழுத்தையும் மொழியையும் மூன்று வருஷம் படித்தார்கள். அந்நியப் பெயர்களையும் ஏற்றார்கள். ராஜாவின் பந்திச் சாப்பாட்டை மட்டும் வேண்டாம் என்றார்கள். அந்தத் தீர்மானத்தை வெளியிலிருந்து யாரும் திணிக்கவில்லை. “தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டு” என்றிருக்கிறது. அப்புறம் மேற்பார்வைக்காரனிடம் சண்டை போடாமல், பத்து நாள் எங்களைச் சோதித்துப் பாரும் என்று கேட்டான் தானியேல். நிபந்தனை பையனிடமிருந்து வந்தது, சரிபார்க்கும் உரிமை பெரியவரிடம் இருந்தது.

இதை அப்படியே உங்கள் வீட்டில் செய்து பாருங்கள். பத்து நாளைக்கு எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது, எத்தனை மணிக்குப் போனை வைப்பது என்று மகனே ஒரு தாளில் எழுதட்டும். ‘இன்ஸ்டா இருக்கும், ரீல்ஸ் ராத்திரி ஒன்பதுக்கு மேல் இல்லை’ என்று எழுதினாலும் ஒத்துக்கொள்ளுங்கள். டியூஷன் வாட்ஸ்அப் குரூப் அவனுக்கு நிஜமாகவே வேண்டும், அதில் கை வைக்காதீர்கள். அப்பாவும் இன்னொரு தாளில் தன்னுடையதை எழுத வேண்டும். பத்தாம் நாள் இரண்டு தாள்களையும் மேஜையில் வைத்துப் பேசுங்கள். எழுதியதை ஒருநாள் மீறினால் அதற்குத் தண்டனை வேண்டாம். எந்த நேரத்தில், எந்த மனநிலையில் மீறினான் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல். பெரும்பாலும் அது படிப்பு பயமாகவோ தனிமையாகவோ இருக்கும், அதற்கு வேறு மருந்து தேட வேண்டும்.

மகள் விஷயம் வேறு. பதினான்கு வயதில் மகனுக்குக் கொடுக்கிற அதே இடத்தைக் கொடுக்க வேண்டியதில்லை, அதில் அநியாயமும் இல்லை. இன்ஸ்டாகிராமில் பதின்வயதினருக்கென்று தனிக் கணக்கு முறை 2024இல் தொடங்கி 2025இல் இந்தியாவுக்கும் வந்தது. கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது, ஒரு மணி நேரம் ஆனால் நினைவூட்டும், இரவு பத்து முதல் காலை ஏழு வரை நோட்டிஃபிகேஷன் ஓய்ந்திருக்கும். பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். ஆனால் கணக்கு தொடங்கும்போது பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காமல் போகலாம். பல பிள்ளைகள் செய்கிற வேலை அது. திட்டாமல் கேளுங்கள், சேர்ந்து திருத்துங்கள்.

யூடியூபுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, அதைக் கணவர் போனிலும் செய்யலாம். ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். செட்டிங்ஸில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கம் வெறுமையாகிவிடும். அங்கே பரிந்துரை எதுவும் வந்து நிற்காது, வேண்டியதைத் தேடி எடுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். பரவாயில்லை, அந்த எரிச்சல் எவ்வளவு என்று பார்த்தாலே பிடி எவ்வளவு இறுகியிருந்தது என்று தெரிந்துவிடும். ராத்திரி எல்லாருடைய போனும் சார்ஜருக்கு ஹாலில் இருக்கட்டும். எல்லாருடையதும் என்றால் உங்களுடையதும் சேர்த்துத்தான்.

பேரத்துக்கு இடமில்லாத விஷயங்கள் சிலவும் உண்டு, கொரிந்தில் கோயில் பந்தி இருந்தது போல. ஆபாசப் படங்கள், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம், முன்பின் தெரியாதவரோடு ரகசியப் பேச்சு, யாருடைய அந்தரங்கப் படத்தையும் கேட்பதோ அனுப்புவதோ. இவற்றில் மனச்சாட்சிக்கு விடுகிறேன் என்று சொல்லாதீர்கள், காரணத்தைச் சொல்லித் தெளிவாக ‘கூடாது’ என்று சொல்லுங்கள். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டால், யாராவது மிரட்டினால், எத்தனை மணியானாலும் எங்களிடம் வா, அப்போது போனைப் பிடுங்க மாட்டோம். போன் போய்விடுமே என்ற பயத்தில் மிரட்டலை மறைத்து வைக்கிற பிள்ளைகள் அதிகம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, ஆன்லைன் பண மோசடி என்றால் 1930. இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

நெட்ஃபிளிக்ஸ் பெரிய பிரச்சினை இல்லை. வாரம் ஒரு படம், முன்கூட்டியே பெயர் சொல்லி, சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் பிரசங்கம் செய்யாமல் ‘அந்த அண்ணன் செய்தது சரியா?’ என்பது மாதிரி ஒரு கேள்வி போதும். மகன் சொல்வதைக் கணவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டால் அவர்களுக்குள் பேச்சும் அப்படியே தொடங்கும்.

கணவர் தன் தாளை எழுத மாட்டேன் என்று சொல்லக்கூடும். ‘நான் பார்ப்பது தேவனுடைய வார்த்தை, அதையும் இதையும் ஒன்றாக்காதே’ என்பார். வாதாடாதீர்கள். அவர் இந்த வாரம் பார்த்த ஷார்ட்ஸில் மூன்றை மட்டும், எந்த வசனம், என்ன சொன்னார் என்று போனைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அவரை விட்டுவிடலாம். சொல்ல வரவில்லையென்றால், மகனுக்குப் போட்ட தடையையும் அந்தப் பத்து நாளைக்கு நிறுத்திவைக்கச் சொல்லி, தாளையும் பேனாவையும் அவர் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.