கடைக்காரர் போட்ட ஜிமெயில்: போன், பிரிண்டர் கேள்வி பதில்

யாங்கோன், தம்வேயிலிருந்து ஓர் அக்கா: தம்பி, போன் பேட்டர்ன் மறந்துபோச்சு. மகன் பக்கத்து பட்டனை அமுக்கி எல்லாத்தையும் அழிச்சுட்டான். இப்போ "முன்னாடி இருந்த கூகுள் கணக்கைப் போடு"ன்னு நிக்குது. எனக்கு ஜிமெயிலே கிடையாது. வாங்கினப்போ கடையிலேயே எல்லாம் போட்டுக் கொடுத்தாங்க.

அக்கா, உங்களுக்கு ஜிமெயில் இருக்கிறது. அது என்னவென்று கடையில் உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

2014-ல் மியான்மரில் சிம் விலை 1,500 சாட்டுக்கு இறங்கியதும் ஊரே ஒரே நேரத்தில் போன் வாங்கியது. அதற்குச் சில வருடம் முன்புவரை ஒரு சிம்முக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கேட்ட நாடு இது. வாங்கியவர்களில் பலர் அதற்கு முன் மின்னஞ்சலைப் பார்த்ததே இல்லை. அதனால் கடைக்காரரே ஒரு ஜிமெயில் திறந்து, ஃபேஸ்புக் போட்டு, பேசும் செயலியான வைபரைப் போட்டு, கையில் கொடுத்தார். சில கடைகளில் ஒரே ஜிமெயிலை வருகிற போனுக்கெல்லாம் போட்டார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து, அதாவது 2015 முதல், திருடியவன் போனை அழித்துவிட்டு விற்க முடியாதபடி ஒரு பூட்டு இருக்கிறது. பட்டனை அமுக்கி அழித்தால், கடைசியாக அதில் இருந்த கணக்கைக் கேட்கும். உங்கள் போன் உங்களையே திருடன் என்று நினைத்து நிற்கிறது.

வேறொரு போனில் கூகுள் நுழைவுப் பக்கத்தைத் திறந்து, "மின்னஞ்சல் மறந்துவிட்டதா" என்ற இடத்தில் உங்கள் போன் எண்ணையும் பெயரையும் கொடுங்கள். கடைக்காரர் உங்கள் எண்ணைக் கொடுத்திருந்தால் அதற்குக் குறியீடு வரும், முகவரி தெரிந்துவிடும். பெயர் பொருந்தவில்லை என்றால் கடையின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்படித் திறந்தவர்கள் உண்டு. கடவுச்சொல்லை மாற்ற வேண்டி வந்தால், மாற்றிய பிறகு ஒரு முழு நாள் காத்திருந்து போனில் போடுங்கள். எதுவும் நடக்கவில்லையா, பெட்டியையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறார்கள். அவர்கள் உள்ளே என்ன மென்பொருளை ஏற்றுகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படித் திறந்த போனில் பணம் அனுப்பும் செயலி எதையும் வைக்காதீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்கள் இப்போதே செட்டிங்ஸில் கூகுள் என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே இருக்கும் முகவரி உங்களுக்குத் தெரிந்ததா? கடவுச்சொல் தெரியுமா? மீட்புக்குக் கொடுத்த எண் உங்கள் கையில் இருக்கிறதா? மூன்றையும் வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். ஒன்று தெரியாவிட்டாலும் போன் நன்றாக வேலை செய்யும்போதே சரி செய்யுங்கள்.

பெகு: சென்னையில் இருக்கும் மகனோடு வைபரில் பேசினால் அறுந்து அறுந்து வருகிறது. நல்ல செயலி எது?

செயலியை மாற்றுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது ஐயா. குரலுக்கு மிகக் குறைந்த இணையமே போதும். ஆனால் அது இடைவிடாமல் வர வேண்டும். கரண்ட் போய்ச் சில மணி நேரமானால் டவரின் பேட்டரியும் இறங்கும், அப்போது எந்தச் செயலியும் அறும். படத்தை அணைத்துவிட்டுக் குரல் மட்டும் பேசிப் பாருங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து பேசுங்கள். அப்போது தெளிவாக இருந்தால் குறை சுவரில்; அப்போதும் அறுந்தால் குறை வெளியே.

இன்செயின்: ஸ்கைப்பில் காசு போட்டுச் சென்னை வீட்டு லேண்ட்லைனுக்குப் பேசுவேன். இப்போது திறக்கவே மாட்டேன் என்கிறதே?

2025 மே 5-ம் தேதியோடு ஸ்கைப் மூடப்பட்டுவிட்டது. லேண்ட்லைனுக்கு அதேபோல் காசு போட்டுப் பேசும் வைபர் அவுட் இருக்கிறது.

தன்லின்: கரண்ட் போனாலும் வைஃபை நிற்காமல் இருக்க ஒரு மினி யுபிஎஸ் வாங்கினேன். எட்டு மணி நேரம் வரும் என்றார்கள், இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது.

பெட்டியில் 8,800 எம்ஏஎச் என்று போட்டிருக்குமே? அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் 32 வாட் மணி. ஃபைபர் பெட்டி ஆறு வாட், ரூட்டர் ஆறு வாட் என்று வைத்தால் மொத்தம் பன்னிரண்டு. 32-ஐ 12-ஆல் வகுத்து, வோல்டேஜை ஏற்றுவதில் போகும் நஷ்டத்தையும் கழித்தால் உங்களுக்குக் கிடைக்கும் இரண்டு மணி நேரம் சரியான கணக்கு. யுபிஎஸ்ஸில் பழுதில்லை, கடையில் சொன்ன எட்டுதான் தவறு. இரண்டு பெட்டியும் ஒன்றாக இருக்கும் மாடலை இணைய கம்பெனியிடம் கேளுங்கள், பாதி மிச்சமாகும். வாங்கப்போகிறவர்கள் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மாற்றிச் செருகினால் ரூட்டர் போய்விடலாம்.

கோயில் அலுவலகம், யாங்கோன்: ரசீது, அர்ச்சனைச் சீட்டு அடிக்க பிரிண்டர் வேண்டும். லேசரா, மை ஊற்றும் டேங்க்கா? இன்வெர்ட்டர் இருக்கிறது.

இன்வெர்ட்டரை நம்பி ஓட்டுவதென்றால் டேங்க். லேசர் பிரிண்டர் உள்ளே ஓர் உருளையைச் சூடாக்கிப் பொடியை உருக்கி ஒட்டுகிறது. அது சூடாகும் நொடியில் மின்சாரத்தை மொத்தமாக இழுக்கும், சிறிய இன்வெர்ட்டர் தாங்காமல் கத்தும். டேங்க் பிரிண்டருக்குப் பத்துப் பதினைந்து வாட் போதும். அதற்கென்று தனி பராமரிப்பு உண்டு: வாரம் ஒரு கலர் பக்கம் அடியுங்கள், சுவரில் இருக்கும் சுவிட்சால் அணைக்காதீர்கள். பிரிண்டரின் சொந்த பட்டனை அமுக்கினால்தான் மை முனை தன் மூடிக்குள் போய் உட்காரும். திறந்தபடி நின்றால் காய்ந்து அடைக்கும். ஆனால் அர்ச்சனைச் சீட்டை ஈரக் கையோடு வாங்குவார்கள், டேங்க் மை கரையும். சீட்டுக்குப் பழைய ரப்பர் முத்திரையே நல்லது.

அதே அலுவலகம்: இன்னொன்று. பங்குனி உத்திர அழைப்பிதழை அச்சகத்தில் தமிழும் பர்மியமுமாக அழகாக அடித்துத் தந்தார்கள். அதே எழுத்தை வைபரில் அனுப்பினால் தமிழ் ஆங்கிலக் கிறுக்கலாகவும், பர்மியம் உடைந்தும் வருகிறது.

அவர்கள் தமிழை பாமினி என்ற பழைய எழுத்துருவிலும் பர்மியத்தை ஸாஜி என்ற பழைய எழுத்துருவிலும் அடித்திருக்கிறார்கள். இரண்டையும் எல்லாப் போனுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். தமிழுக்கு என்எச்எம் கன்வெர்ட்டர், பர்மியத்துக்கு ராபிட் கன்வெர்ட்டர், இரண்டும் இலவசம்.

அச்சகம் நடத்தும் ஓர் அண்ணன்: தம்பி, இப்படி ஒரே வரியில் எங்களைக் குற்றவாளி ஆக்காதீங்க. இருபது வருஷத்து டிசைன் முழுக்க பாமினி, ஸாஜிதான். காகிதத்திலே ஒரு எழுத்து பிசகுதா சொல்லுங்க. டிசைன் பண்ற கோரல்டிரா மென்பொருளிலே யூனிகோடு தமிழ் போட்டா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போச்சே!

பழைய கோரல்டிராவில் யூனிகோடு தமிழ் உடைந்தது உண்மைதான் அண்ணே. காகிதத்துக்கு மட்டும் போகிற பழைய டிசைனை நீங்கள் தொட வேண்டாம். எழுத்தை வளைகோடாக மாற்றி பிடிஎஃப் எடுங்கள், எந்தப் பிரிண்டரிலும் அப்படியே வரும்.

ஆனால் அழைப்பிதழ் இன்று காகிதத்தோடு நிற்பதில்லை. "கெ" என்று எழுதும்போது பாமினியில் கொம்பை முதலில் அடித்து, பிறகு ககரத்தை அடிக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பின்னால். திரையில் இடம் மாற்றிக் காட்டுவது எழுத்துருவின் வேலை. பர்மியத்திலும் எழுத்துக்கு முன்னால் நிற்கும் ஏகாரக் குறிக்கு இதே கதை. ஸாஜி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கிறது. ஒரே சொல்லை அதில் பல விதமாக அடிக்கலாம், எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தேடினால் கிடைக்காது, அகரவரிசை வராது, கண் தெரியாதவருக்குப் போன் வாசித்துக் காட்டாது.

மோல்மேன்: ஐயா, நாடே ஸாஜியில்தான் எழுதியது. மக்கள் பழகியதை எதற்கு மாற்ற வேண்டும்? அண்ணன் கேட்பது நியாயம்.

நீங்கள் மோன் மாநிலத்தில் இருந்துகொண்டு கேட்பதால் சொல்கிறேன். யூனிகோடில் மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கென்று ஒதுக்கிய இடங்களில் ஸாஜி தன் பர்மிய ஒட்டெழுத்துகளைப் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஸாஜி போனில் உங்கள் பக்கத்து வீட்டு மோன் பிள்ளை தன் மொழியில் எழுதினால் வேறேதோ தெரியும். அந்த மொழிகளுக்குப் போனில் இடமே இல்லாமல் போயிற்று. சிறுபான்மையாக வாழ்ந்து, திண்ணைப் பள்ளியும் கோயில் வகுப்பும் வைத்துத் தமிழைக் காப்பாற்றும் நாம் இதைச் சின்ன விஷயம் என்று சொல்லலாமா? 2019 அக்டோபர் 1-ல் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது, நல்ல காரியம்.

அச்சக அண்ணன்: மோன் எழுத்து விஷயம் எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. சரி, புதுசா வர்ற வேலையை யூனிகோடிலே வாங்கிக்கிறேன். ஆனா மாத்துற கூலியை யாரு கொடுப்பா?

கேட்பவர் கொடுக்க வேண்டும் அண்ணே. கோயில் அலுவலகத்தார் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாற்றிய பிறகு ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாவற்றையும் ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள்; கன்வெர்ட்டர் நூற்றுக்கு நூறு சரியாக மாற்றாது.

மண்டலை: பிரிண்டரில் கறுப்பு வரவில்லை. ஒரு மாதம் அடிக்கவில்லை.

கோயில் அலுவலகத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். மை முனையைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை இரண்டு முறை கொடுத்து, ஓர் இரவு விட்டு, மறுநாள் இன்னொரு முறை. அதற்கு மேல் கொடுத்தால் மைதான் வீண்.

தம்வே, இன்னொருவர்: விபிஎன் எது நல்லது?

சட்டம் சம்பந்தப்பட்ட விஷயம். இங்கே பதில் எழுத மாட்டேன்.

பெயர் சொல்லாதவர்: வைபரில் என் சித்தி "உனக்கு ஆறு எண் வரும், அனுப்பு" என்றார். அனுப்பிவிட்டேன்.

அது உங்கள் சித்தி இல்லை. அவர் கணக்கை முதலில் பிடித்தவன், அடுத்து உங்களுடையதைப் பிடிக்கிறான். வைபரை உங்கள் எண்ணிலேயே இப்போதே மறுபடி பதிவு செய்யுங்கள், சித்திக்கு நேராகப் போன் போட்டுச் சொல்லுங்கள், உங்கள் பேரில் யாரும் பணம் கேட்டால் அனுப்ப வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லுங்கள். ஆறு எண் குறியீட்டைத் தாய் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று எழுதி எழுதி அலுத்துவிட்டது.

பெகு, வேறொருவர்: போன் ஜிமெயில் கேட்கிறது, கடையில் போட்டது…

முதல் பதில்.

தன்லின், வேறொருவர்: எனக்கும் ஜிமெயில் தெரியாது. போன் இப்போது வேலை செய்கிறது. அப்படியே விடலாமா?

விடக்கூடாது. முதல் பதிலின் கடைசிப் பத்தி உங்களுக்காகத்தான் எழுதியது.

இன்செயினிலிருந்து ஓர் அம்மா: அவர் போன மாதம் தவறிவிட்டார். அவர் போன் என்னிடம் இருக்கிறது, திறக்கத் தெரியும். அவர் எடுத்த படமெல்லாம் அதில்தான். சிம்முக்கு இனிமேல் பில் (ரீசார்ஜ்) போட வேண்டியதில்லை என்று மருமகன் சொல்கிறார்.

அம்மா, பில் போடுவதை நிறுத்தாதீர்கள். காசு போடாமல் விட்ட எண்ணை கம்பெனி சில மாதத்தில் முடக்கி, பிறகு வேறொருவருக்கு விற்றுவிடும். அவருடைய ஜிமெயிலுக்கும் வைபருக்கும் வரும் குறியீடெல்லாம் அந்தப் புது ஆளுக்குப் போகும். முதலில் படங்களை ஒரு கம்ப்யூட்டருக்கும், இன்னொரு மெமரி கார்டுக்கும் எடுத்து வையுங்கள். பிறகு செட்டிங்ஸில் அவருடைய கூகுள் முகவரியைப் பார்த்து எழுதிக்கொண்டு, மீட்பு எண்ணாக உங்கள் எண்ணைச் சேருங்கள். கடவுச்சொல் கேட்டு நின்றால் "மறந்துவிட்டது" கொடுங்கள், பெரும்பாலும் அந்தப் போனுக்கே குறியீடு வரும். இரண்டு வருடம் யாரும் திறக்காத கணக்கை கூகுள் அழிக்கலாம், அதனால் அவ்வப்போது திறந்து பாருங்கள். இதெல்லாம் முடியும்வரை போனை ரீசெட் செய்ய யாரையும் விடாதீர்கள். மருமகனிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவருக்கு ஏதாவது புரியவில்லை என்றால் நேராக என்னிடம் கேட்கட்டும்.