ஆற்றங்கரையைச் சீரமைத்தால் யாருக்கு லாபம்?

ஆற்றங்கரையைச் சீரமைப்பதால் சாதாரண மக்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூர் ஆற்றை வைத்தே சொல்கிறேன்.

1977-இல் பிரதமர் லீ குவான் யூ ஆற்றைச் சுத்தம் செய்யப் பத்தாண்டுக் கெடு வைத்தபோது அது நாறிக் கிடந்த சாக்கடை. பன்றி, வாத்துப் பண்ணைகளின் கழிவு, தெருவோரக் கடைகளின் எச்சில் தண்ணீர் எல்லாம் அதில்தான் கலந்தன. சும்மா விரட்டாமல், கடைக்காரர்களுக்குக் குழாயும் வடிகாலும் உள்ள உணவங்காடிகளில் இடம் கொடுத்தார்கள். திட்டம் வென்றதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பேன்.

அப்புறம் பணம் வந்தது. ஆற்றங்கரையிலுள்ள போட் கீ, கிளார்க் கீ பகுதிகளின் பழைய கிடங்குகள் உணவகங்களாயின. 2008-இல் மரினா அணைக்கட்டு வந்தபின், ஆறு கலக்கும் குடாவே நன்னீர்த் தேக்கமானது. கரை அழகைவிட இந்தத் தண்ணீர்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் சுமார் 26,000 குடும்பங்கள் இடம்மாறின. முகப்பில் கண் வரைந்த சரக்குப் படகுகள் 1983-இல் ஆற்றை விட்டுப் பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்குப் போயின. ஆற்றையே நம்பியிருந்த படகோட்டிகளின் பிழைப்பும் கரையோரப் பழக்கவழக்கமும் அவற்றோடு போயின. புது வீடு கிடைத்தது சரி, அந்த அக்கம்பக்கம் திரும்பக் கிடைக்கவில்லை. உங்கள் ஊரில் இப்படித் திட்டம் வந்தால், கரையில் இப்போது பிழைப்பவர்களுக்கு எங்கே இடம் என்பதை முதலில் கேளுங்கள்.