ஆசையே துக்கம் என்றால் குரூப் 4 எழுதுவது தப்பா?

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறேன், வயது 26. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். காலை பத்து மணிக்குப் போனால் வெளியே வர இரவு ஒன்பதரை ஆகிவிடும். குரூப் 4 இரண்டு தடவை எழுதியும் கணக்கில் கோட்டை விட்டேன். சித்தி பெண் பாஸ் பண்ணி வேலையிலும் சேர்ந்துவிட்டாள். அப்பாவோடு புத்த விகாரைக்குப் போவேன். ‘ஆசைதான் துக்கத்துக்குக் காரணம்’ என்று அங்கே கேட்கும்போதெல்லாம், அரசு வேலைக்காக நான் துடிப்பதே தப்போ என்று தோன்றுகிறது. லட்சியத்தை விட்டுவிடவா? இல்லை, கடை வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாகப் படிக்கவா?

பதில்: இரண்டையும் விட வேண்டாம் சகோதரி.

கோசம்பி நகரில் கோசிதாராமம் என்ற மடத்தில் புத்தரின் சீடர் ஆனந்தர் தங்கியிருந்தபோது, உண்ணாபர் என்ற பிராமணர் வந்து ஏறக்குறைய உங்கள் கேள்வியைத்தான் கேட்டார். ஆசையைக் கைவிடுவதற்கான வழியிலேயே விருப்பமும் ஒரு பகுதி என்று ஆனந்தர் சொன்னதும், “ஆசையை ஆசையாலேயே விடுவதா? இதற்கு முடிவே கிடையாதே” என்று மடக்கினார். “இங்கே வர வேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு இருந்ததல்லவா? வந்து சேர்ந்ததும் அது அடங்கிவிட்டதா, இல்லையா?” என்று ஆனந்தர் திருப்பிக் கேட்டார். அடங்கிவிட்டது என்று உண்ணாபர் ஒப்புக்கொண்டார்.

காலை எடுத்து வைக்கச் செய்யும் விருப்பம் போய்ச் சேர்ந்ததும் அடங்கிவிடும். இதைப் பாலி மொழியில் ‘சந்தம்’ என்பார்கள். எது கிடைத்தாலும் போதாமல் பிடித்துக்கொண்டு எரிவது ‘தண்ஹா’, அதாவது வேட்கை. புத்தர் துக்கத்தின் காரணம் என்று சொன்னது இந்தத் தண்ஹாவைத்தான். உங்களிடம் இரண்டும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இரவு புத்தகத்தைத் திறந்ததும் மனசு விகிதக் கணக்குக்குப் போகிறதா, சித்தி பெண்ணின் வேலைக்குப் போகிறதா என்று பாருங்கள். சித்தி பெண் பக்கம் போனால் அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். ‘இது பொறாமை, வந்திருக்கிறது’ என்று தெரிந்துகொண்டு கணக்குக்குத் திரும்புங்கள். பௌத்தப் பயிற்சியில் பெரும்பகுதி இப்படித் திரும்பி வருவதுதான்.

அடுத்து, இலக்கைக் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டும். எத்தனை காலியிடம், கட்-ஆஃப் எங்கே நிற்கும் என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை. தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. அந்த 25-க்கு மட்டும் 37.5 மதிப்பெண். ‘வேலை வாங்குவேன்’ என்பதை எடுத்துவிட்டு, ‘இந்த 25-ல் 20-ஐச் சரியாகப் போடும் அளவுக்குத் தேறுவேன்’ என்று எழுதி ஒட்டுங்கள். முயற்சி நீங்கள் செய்ய வேண்டியது, ததாகதர்கள், அதாவது புத்தர்கள், வழிகாட்டிகள் மட்டுமே என்கிறது தம்மபதத்தின் 276-ஆவது பாட்டு.

எடுத்த காரியம் கைகூட நான்கு வேண்டும் என்று பௌத்தம் சொல்கிறது: விருப்பம், முயற்சி, மனம் ஊன்றுதல், ஆராய்ந்து பார்த்தல். முதல் இரண்டும் உங்களிடம் தாராளமாக இருக்கின்றன. கடைசியில்தான் குறை. இரண்டு தடவை எழுதியும் எந்த வகைக் கணக்கில் மதிப்பெண் போகிறது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே!

புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். ஒரு செயலைச் செய்யும் முன் பார், செய்யும்போது பார், செய்த பிறகும் பார் என்றார். ஒரு நோட்டு போடுங்கள். ‘ஒரு வேலையை அ 12 நாளிலும் ஆ 6 நாளிலும் முடிப்பார்கள். சேர்ந்து செய்தால் எத்தனை நாள்?’ என்ற கேள்விக்கு 9 என்று போட்டிருந்தால், தப்பு என்று அடித்துவிட்டுப் போகாதீர்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கியதால் 9 வந்தது, ஒரு நாள் வேலையைக் கூட்டியிருந்தால் 4 வந்திருக்கும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். இப்படி ஒரு மாதம் எழுதினால் உங்கள் தவறுகள் நாலைந்து வகைக்குள் அடங்குவது தெரியும். பயமும் பாதி குறையும். அப்புறம், கடையிலேயே பயிற்சி இருக்கிறது. 1,250 ரூபாய்ச் சேலைக்கு 12 சதவீதம் தள்ளுபடி என்றால், கம்ப்யூட்டர் காட்டும் முன் 1,100 என்று மனசுக்குள் வர வேண்டும்.

ஆராய்ந்து பார்ப்பது உங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. பெரம்பூர் வட்டாரத்தில் பௌத்தத்தை எடுத்துச் சென்ற லட்சுமி நரசு ஓர் அறிவியல் பேராசிரியர். பௌத்தத்தைப் பகுத்தறிவோடு அணுக வேண்டும் என்று வற்புறுத்தியவர்.

வேலையை விடுவது பற்றி. ‘நாங்கள் குடும்பஸ்தர்கள், இந்த வாழ்க்கையிலேயே நன்றாக இருக்க வழி சொல்லுங்கள்’ என்று கேட்ட தீகஜாணு என்ற கோலியர் குலத்தவரிடம், எல்லாவற்றையும் துறந்து வா என்று புத்தர் சொல்லவில்லை. உழைப்பு, சம்பாதித்ததைக் காப்பது, நல்லவர்களின் துணை, வரவுக்குள் செலவு என்ற நான்கைச் சொன்னார். மாதச் சம்பளம் நின்றால் வாடகைக் கவலை வந்து உட்காரும். அந்தக் கவலையோடு பத்து மணி நேரம் படிப்பதைவிட, இப்போது கிடைக்கும் ஒரு மணி நேரம் எவ்வளவோ மேல். நல்ல துணைக்கு, வார விடுமுறை அன்று கொளத்தூரில் உள்ள முதல்வர் படைப்பகம் என்ற படிப்பு மையத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே இதே தேர்வுக்குப் படிப்பவர்கள் இருப்பார்கள்.

ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயத்தில் கால் வீங்க நின்றுவிட்டு வந்து நள்ளிரவு வரை படிக்காதீர்கள். பாதத்தில் ரத்தம் வரும்வரை நடந்து தியானம் செய்த சோணர் என்ற பிக்குவிடம், வீணைத் தந்தி ரொம்ப இறுகினாலும் தளர்ந்தாலும் இசை வராது என்று புத்தர் நினைவூட்டினார். அந்த வாரங்களில் அரை மணி நேரம், பழைய தவறு நோட்டைப் புரட்டினால் போதும்.

தேர்வு அறிவிப்பு வந்த பிறகு, மூன்று மாத வீட்டுச் செலவு கையில் இருந்தால், கடைசி ஒரு மாதத்துக்குச் சம்பளமில்லாத லீவு தர முடியுமா என்று முதலாளியிடம் கேளுங்கள். இப்போதிலிருந்தே அதற்கு ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். எவ்வளவு என்பதை இன்றைக்கே அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.