மனச்சோர்வுக்கு ஆப் போதுமா? பெங்களூரு இளைஞர்கள் கேட்கிறார்கள்

(பதில் சொல்பவர்: ஜெயநகரில் பணிபுரியும் மனநல ஆலோசகர்)

எலக்ட்ரானிக் சிட்டி, வயது 24: அக்கா, ரெண்டு வாரமா எதிலும் நாட்டமில்லை. ஆனா வேலைக்குப் போறேன், சாப்பிடறேன். ஆப் உதவுமா?

லேசான சோர்வாக இருந்தால் உதவும், தம்பி. முதலில் மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 என்ற கேள்வித்தாளை நிரப்புங்கள். ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 5 முதல் 9 வரை லேசானது. 10 வந்துவிட்டால் ஆப்பை நம்பி உட்காராமல் ஆலோசகரையோ மருத்துவரையோ நேரில் பாருங்கள். கடைசிக் கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றைக்கே யாரிடமாவது பேச வேண்டும்.

கோரமங்களா பி.ஜி., வயது 22: ஆப் போட்டு நாலு நாள்தான். அப்புறம் திறக்கவே இல்லை.

ஊரோடு ஒத்துப்போகிறீர்கள்! மனநல ஆப்களைப் பற்றிய 2019 ஆய்வொன்றில், 30ஆம் நாளிலும் திறந்தவர்கள் சுமார் 3.3 சதவீதம்தான். நாட்டமின்மையே நோயின் அறிகுறி. அதை வைத்துக்கொண்டு தினமும் ஆப்பைத் திற என்றால் எப்படி? மூட் எப்படி என்று முகப்பொம்மை தட்டும் பகுதியை விட்டுவிடுங்கள், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நாளைக்குச் செய்ய ஒரு சின்ன வேலையைக் குறிக்கும் பகுதி இருக்கிறதா பாருங்கள். ஏழு மணிக்கு ரூம்மேட்டோடு இறங்கிப்போய் இட்லி சாப்பிடுவது, அவ்வளவு போதும். மனசு வரட்டும் என்று காத்திருந்தால் வராது. செய்த பிறகுதான் மெல்ல வரும். சிகிச்சையில் நாங்கள் சொல்லித்தருவதும் இதுதான். வாரம் ஒருமுறை ‘செஞ்சியா?’ என்று கேட்க அந்த ரூம்மேட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒயிட்ஃபீல்ட், வயது 27: கம்பெனி கொடுத்த ஆப். எழுதுவது எச்.ஆருக்குப் போகுமா மேடம்?

என்னென்ன விவரம் போகும் என்று எழுத்தில் கேளுங்கள். பயம் வீண் இல்லை: பயனர் தகவலை விளம்பரத்துக்குப் பகிர்ந்த புகாரில், ஆன்லைனில் மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் 78 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2023இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் உத்தரவிட்டது. சொந்த மின்னஞ்சலில் பதியுங்கள்.

அல்சூர், ஒரு அம்மா: மகன் கையில எந்நேரமும் போன். இதுக்கும் போனா?

எரிச்சல் நியாயம்தான் அம்மா. காலையில் பத்து நிமிடம், மற்ற நோட்டிஃபிகேஷன் எல்லாம் அணைத்து. அவன் எழுதியதை மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள்.

பி.டி.எம்., வயது 21: காசில்லை. தமிழில் யாரிடம் பேசுவது?

14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். நேரில் என்றால் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸின் நலவாழ்வு மையம் உங்கள் பி.டி.எம். லேஅவுட்டிலேயே இருக்கிறது.