செருப்பில் செதுக்கிய காகம்

மகளை என்ன படிக்க வைப்பது என்று என்னிடம் கேட்க, போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பாவுக்குப் பனியன் பிரிண்டிங் பட்டறையில் 20 வருட அனுபவம். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். உட்கார்ந்ததுமே அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “படிக்கச் சொன்னா பொம்ம பொம்மையா வெட்டிட்டு உக்காந்துக்கறாளுங்க சார்.” பெங்களூரு மாமா கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று முடிவே செய்துவிட்டாராம். தனியார் கல்லூரி, நான்கு வருடத்துக்கு 12 லட்சம், பாதிக்கு மேல் கடன்.

மகள் பையிலிருந்து ஒரு பழைய ஹவாய் செருப்பை எடுத்தாள். அடிப்பக்க ரப்பரில் பிளேடால் செதுக்கிய காகம். அதை வைத்து அடித்த தாள்களில் ஆரஞ்சுக் காகம், ஊதாக் காகம், டவுன் பஸ் ஜன்னலில் தலையை நீட்டும் பச்சைக் காகம். இரண்டு கலர் சேரும் இடத்தில் மயிரிழை விலகல் இல்லை. “உங்க பட்டறையில இவ்வளவு சுத்தமா கலர் உட்காருமா?” என்று அப்பாவிடம் கேட்டேன். தாளை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். “இவளுக்கு யாரும் சொல்லித் தரலைங்க” என்றார்.

அம்மாவுக்கு ஆறுதல் சொல்வதை அத்தோடு நிறுத்திவிட்டேன். அந்த 12 லட்சத்தை இந்தப் பிள்ளை மேல் சுமத்துவது தப்பு. மாமா நல்லவராக இருக்கலாம், ஆனால் வட்டி கட்டப்போவது அவர் இல்லை. கணக்கே பிடிக்காத பிள்ளை அரியரோடு வீடு திரும்பினாலும் தவணை நிற்காது.

சென்னை எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. அங்கே ஓவியம், சிற்பம் போலவே பதிப்போவியமும், அதாவது செதுக்கிய அச்சில் மை தடவித் தாளில் படம் எடுக்கும் கலையும் (பிரிண்ட்மேக்கிங்), நான்கு வருட பி.எஃப்.ஏ. என்ற நுண்கலைப் பட்டப் படிப்பு. ஓவியம் தெரிந்த குடும்பங்களுக்கே இந்தப் பிரிவு தெரிவதில்லை. மரக்கட்டை, லினோலியம், அமிலத்தில் அரித்த துத்தநாகத் தகடு, கல், சில்க் ஸ்கிரீன் என்று ஒவ்வொன்றும் ஒரு கைத்தொழில். ஒரு தகட்டில் 15 பிரதி எடுத்தால், 1/15, 2/15 என்று பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திடுவார்கள். ஒவ்வொன்றும் மூலப் படைப்புதான். அதனால் ஒரு பிரதியின் விலையும் சாதாரண ஆள் வாங்குகிற அளவில் இருக்கும்.

அப்பாவுக்குப் புரியும்படி ஒன்று சொன்னேன். உங்கள் பட்டறையில் ஆறு கலருக்கு ஆறு ஸ்கிரீன். பதிப்போவியக் கலைஞர் கிருஷ்ணா ரெட்டி ஒரே தகட்டில் பல கலரை ஒரே அழுத்தில் எடுத்தார். சித்தூர்ப் பக்கம் பிறந்தவர், 1940-களின் கடைசியில் கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தவர். பாரிஸில் சக கலைஞர்களோடு சேர்ந்து இந்த முறையை உருவாக்கினார். தகட்டில் மேடும் பள்ளமுமாகச் செதுக்குவது, கெட்டி ரோலர் மேட்டை மட்டும் தொடும், மெத்தென்ற ரோலர் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். எண்ணெய் கூடிய மை இருக்கும் இடத்தில் கெட்டி மை ஒட்டாது. அவ்வளவுதான் சூத்திரம். கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “மை எவ்வளவு தண்ணியா இருக்கணும்?” என்றார்!

“விளையாட்டுத்தனம்” என்று மாமா குறை சொன்னாராம். ஓவியர் ஆர்.பி. பாஸ்கரன் வருடக்கணக்காகப் பூனை வரைந்தவர், அதே எழும்பூர் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தவர். அந்தப் பச்சைக் காகத்துக்குப் பின்னால் எத்தனை செருப்பு வீணாகியிருக்கும் என்று மகளிடம் கேட்டேன். ஒன்பது என்றாள். ஒன்பது முறை திரும்பச் செய்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று யாரும் சொல்லக்கூடாது.

வருமானத்தையும் மறைக்கவில்லை. படித்து முடித்ததும் மாதச் சம்பளம் வரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் துணி டிசைன், குழந்தைகள் புத்தகப் படங்கள் என்று கையில் தொழில் இருக்கும். சென்னை தாரா புக்ஸ் பதிப்பகம் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்ட் செய்து புத்தகம் போடுகிறது. அரசுக் கல்லூரிக் கட்டணம் உங்கள் கடனுக்குப் பக்கத்தில்கூட வராது. படம் விற்காத நாட்களிலும் கடன்காரன் வாசலில் நிற்கமாட்டான்.

கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சேர்க்கைக்கு வரைதல் தேர்வு உண்டு, இந்த வருட அறிவிப்பைப் பார்த்து இப்போதே தயாராகட்டும். அப்புறம் ஒரு நாள் லீவு போட்டு மகளைச் சென்னைக்கு அழைத்து வாருங்கள். கிரீம்ஸ் ரோட்டில் மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியில் பதிப்போவியத்துக்கான கிராஃபிக்ஸ் ஸ்டுடியோ இருக்கிறது, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போய் அங்கே இருக்கும் அச்சு பிரஸ் முன்னால் நிற்க வையுங்கள். செருப்பையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.