முகநூலில் பிறருடைய பதிவுகளை அவர்களைக் கேட்காமல் பகிரலாமா?

நல்ல பதிவுகளை நகலெடுத்துத் தம் பக்கத்தில் இடுகிறவர், அடியில் 'படித்ததில் பிடித்தது' என்று மறக்காமல் எழுதுகிறவர், அப்படியிருந்தும் யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்று உங்கள் கேள்வியிலிருந்து ஊகிக்கிறேன். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும், பகிர்வதற்கென்று உள்ள பொத்தானை அழுத்திப் பகிருங்கள், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. நகலெடுத்து ஒட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள் என்பேன். எழுதியவர் தம் பெயரைக் கோரும் உரிமை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவாகவே இருக்கிறது. ஆனால் எனக்கு நேர்ந்தது பெயர் போன கதையன்று, கைப்பேசி எண் போகாமல் ஒட்டிக்கொண்ட கதை.

2017 அக்டோபரில் தமிழ்நாடு முழுவதும் டெங்கு பரவியிருந்தது. என் அக்கா மகனுக்கு அப்போது ஒன்பது வயது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன. அவனுக்கோ பி நெகட்டிவ். தட்டணுக்களை எடுத்தபின் ஐந்து நாள்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், அரிதான வகையென்றால் இரத்த வங்கியிலும் கையிருப்பு இராது, கொடையாளரைத்தான் தேட வேண்டும். வராந்தாவில் நின்றபடியே முகநூலில் மூன்று வரி எழுதினேன்: இன்று மாலைக்குள் பி நெகட்டிவ் தட்டணுக்கள் தேவை, மருத்துவமனையின் பெயர், என் எண். தேதி போடவில்லை. அது என் தவறு. பதிவின் தலையில் முகநூலே தேதி காட்டுகிறதே என்று அப்போது நினைத்தேன்.

நான்கு மணி நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். மூவரும் குருதிக்கொடைக் குழுக்கள் வழியாக வந்தவர்கள். ஆகவே அந்தக் குழுக்களை நான் குறை சொல்கிறேன் என்று யாரும் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம். ஒரு வாரத்தில் பையன் வீடு திரும்பினான். பதிவைத் திருத்தி 'தேவை நிறைவேறியது, நன்றி' என்று சேர்த்தேன். பொத்தானை அழுத்திப் பகிர்ந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரின் பக்கங்களிலும் அந்த வரி தானாகவே தெரிந்தது. நகலெடுத்து ஒட்டியவர்களின் பக்கங்களில் அது எப்படித் தெரியும்? நான் எழுதிய 'இன்று மாலை' அங்கெல்லாம் இன்றுவரை முடியவில்லை.

முதலில் திருநெல்வேலி, பிறகு கோயம்புத்தூர், பிறகு துபாயிலிருந்து ஓர் அழைப்பு. 2019இல் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு ஓர் இளைஞன் அழைத்து, "அண்ணா, ஆஸ்பத்திரி கேட்ல நிக்கிறேன், எந்த வார்டு?" என்று கேட்டான். திண்டுக்கல்லில் கல்லூரியில் படிப்பவன், செய்தியைப் பார்த்ததும் பேருந்து ஏறி வந்துவிட்டான். காவலாளி அப்படியொரு நோயாளியே இல்லை என்று சொல்லியிருக்கிறார். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். தோளில் பையும் கையில் ஒரு தண்ணீர்ப் புட்டியுமாக நின்றான். இரத்தம் கொடுக்கும் முன் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம், புட்டியில் பாதிக்குமேல் காலியாகியிருந்தது.

கைப்பேசியைக் காட்டினான். என் மூன்று வரிகளை ஒரு படமாக்கி, மேலே சிவப்பில் 'மிக அவசரம்' என்று எழுதி, மூலையில் ஏதோ ஒரு மன்றத்தின் சின்னத்தையும் பொறித்திருந்தார்கள். இரண்டு வருடம் பழைய செய்திக்கு இலச்சினை குத்துகிறவருக்கு, அதிலேயே உள்ள எண்ணில் ஒருமுறை அழைத்துக் கேட்கத் தோன்றவில்லை. வாட்ஸ்அப் 2018 ஜூலையிலேயே முன்னனுப்பிய (ஃபார்வர்டு செய்த) செய்திகளுக்கு அடையாளம் காட்டத் தொடங்கியிருந்தது, இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவும் முடியாதபடி செய்திருந்தது. ஆனால் அந்த அடையாளம், வந்ததை அப்படியே முன்னனுப்பினால்தான் விழும். படத்தைச் சேமித்துவைத்துப் புதிதாக அனுப்பினால் நேற்று எழுதியதுபோலவே போய்ச் சேரும். அவனுக்கும் அப்படித்தான் வந்திருந்தது.

அவனை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் ஏற்றிவிடப் போனேன். தேநீர் குடிக்கும்போது, "இனிமே இந்த மாதிரி வந்தா நம்ப மாட்டேண்ணா" என்றான். எனக்கு அடிவயிற்றைப் பிசைந்தது. உண்மையிலேயே அவசரமான வேண்டுகோள் ஒன்று அவனுக்கு அடுத்த வாரமே வந்திருக்கலாம்.

எண்ணை மாற்றிவிட வேண்டியதுதானே என்பீர்கள். வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு இணைப்பு எல்லாம் இந்த எண்ணில்தான் இருக்கின்றன. யாரோ ஒட்டியதற்கு நான் ஏன் அலைய வேண்டும்? அழைத்தவர்களில் சிலரிடம், உங்களுக்கு அனுப்பியவரிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: எனக்கு வந்தது, அனுப்பினேன். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் பகிர்ந்ததற்காக நடிகர் எஸ்.வி. சேகர் மீது தொடரப்பட்ட வழக்கில், பகிர்வது அந்தக் கருத்தை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018இலேயே கூறியது. இரத்தம் கேட்கும் செய்தியும் அவதூறும் ஒன்றா என்று கேட்காதீர்கள். ஒன்றென்று நான் சொல்லவில்லை. 'எனக்கு வந்தது' என்ற சமாதானம் இரண்டிலும் ஒன்றுதான்.

உங்களோடு சண்டைக்கு வந்தவர் என்ன எழுதியிருந்தார் என்று நீங்கள் சொல்லவில்லை. கவிதையோ சமையல் குறிப்போ என்றால் பெயரைச் சேர்த்து, மூலப் பதிவின் இணைப்பைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டால் தீர்ந்துவிடும். எண்ணோ முகவரியோ உள்ள பதிவென்றால் உங்கள் நகலை இன்றே அழித்துவிடுங்கள், ஏனென்றால் அதைத் திருத்த எழுதியவரால் முடியாது.

பையன் இப்போது பிளஸ் டூ படிக்கிறான். போன மாதம் அவன் எங்கள் வீட்டில் இருந்தபோது விழுப்புரத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. என் கை ஈரமாக இருந்ததால் அவனே எடுத்தான். சற்று நேரம் கேட்டுவிட்டு, "அந்தப் பேஷன்ட் நான்தாங்க, நல்லா இருக்கேன்" என்றான். மறுமுனையில் இருந்தவர் அதை நம்பாமல், பெரியவர் யாராவது இருந்தால் போனைக் கொடுக்கச் சொன்னார்.